குளத்துத் தண்ணீர்

குளத்தில் செத்த ஆடு ஒன்று வயிறு ஊதி மிதந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் குடமும் மிதப்பதை நர்ஸம்மா பார்த்தாள்.

“இதுலயும் மொண்டிருக்காளுங்க. மனுஷ ஜென்மமா இதுங்க” என்று புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

புயல் ஓய்ந்ததிலிருந்து கடலோரத்து ஜனம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில்தான் கிடந்தது. முதலில் யாரோ ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றார்கள். இப்போது எந்த வகுப்பறையிலும் பாய் விரிக்க இடமில்லை. பெஞ்சுக்கு அடியில் வாளி, வாளியைச் சுற்றி ஈ, எங்கே கால் வைத்தாலும் பிசுபிசுப்பு.

எல்லாம் குளத்தால் வந்த வினை என்று அவள் வந்த அன்றே முடிவு கட்டிவிட்டாள். கையிருப்பில் இருந்த பிளீச்சிங் பவுடர் அத்தனையையும் குளத்தில் கொட்டி, வழியை முள் போட்டு அடைத்தாள். ஒரு காண்டிராக்டர் புண்ணியத்தில் தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. இனி அதைத்தான் குடிக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறமும் வயிற்றுப்போக்கு குறைந்தபாடில்லை, கூடிக்கொண்டே போனது. திருட்டுத்தனமாகக் குளத்துக்குத்தான் போகிறார்கள், நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று பல்லைக் கடித்தாள்.

வகுப்பறையில் வலை பின்னுகிறவளின் மகள் சிட்டு துவண்டு கிடந்தாள். காலையில் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது கண் உள்ளே போய்விட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் கதி. இதுவும் நிற்காமல் போனால் பிள்ளை தங்காது என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும்.

“குளத்துக்குப் போனியா?”

“போகலைம்மா. இவ மேல சத்தியம்.”

“பொய் சொல்ல உனக்குப் பெத்த பொண்ணுதான் கிடைச்சாளா?”

“நீங்க கலக்கித் தர்றதைத்தான் குடுக்குறேன். குடிக்கக் குடிக்கப் போயிக்கிட்டே இருக்கு. அந்த லாரித் தண்ணியில ஒரு வாடை வருதும்மா.”

“ஆழத்துல இருந்து எடுக்குற போர் தண்ணி, இரும்பு வாடை அடிக்கத்தான் செய்யும். செத்த ஆடு மிதக்குறது உனக்கு மணக்குது, நல்ல தண்ணி நாறுதா?”

தாய்க்காரி மகள் வாயில் மொய்த்த ஈயை விரட்டினாள். வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

நர்ஸம்மாவே வாளியோடு போனாள். கூட்டம் இடித்துத் தள்ளியதில் டேங்கின் மேல் கையை ஊன்ற, உள்ளங்கையில் நீலப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது.

“புது வண்டியா?” என்று டிரைவரைக் கேட்டாள்.

“பெயிண்ட்தான் சிஸ்டர் புதுசு. போன வாரம்தான் ஓனர் அடிச்சு விட்டாரு, இந்த ஈரத்துல காயவே மாட்டேங்குது.” டிரைவர் வெகுளி. கேட்டதற்கு ஒரு பதில் என்றால் கேட்காததற்கு நாலு சொல்வான். அவள் வாளியைப் பிடுங்கி அவனே நிரப்பி, வகுப்பறை வரை தூக்கிக்கொண்டு வந்தான்.

கொதிக்க வைக்கலாம் என்றால் விறகெல்லாம் ஈரம். எப்போதும்போல் அப்படியே மொண்டு உப்புச் சர்க்கரைப் பொடியைக் கலக்கினாள். சிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாடையைப் பிடித்து, உதட்டைப் பிரித்து, டம்ளரைச் சாய்த்தாள். மடக் மடக்கென்று உள்ளே போனது.

“இப்படித்தான் குடுக்கணும். இதுதான் மருந்து. பாவம் பார்த்தா பிள்ளை பிழைக்காது.”

தாய்க்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். நர்ஸம்மாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாக மனசு கொஞ்சம் ஆறியது. அடுத்த டம்ளருக்கு மொண்டுகொண்டே டிரைவரிடம் திரும்பினாள்.

“தம்பி, எங்க வீட்லயும் சொட்டுத் தண்ணி இல்ல. போற வழியில தொட்டியை ரொப்பிட்டுப் போயிடு. அஞ்சலாபீஸ் தாண்டி ரெண்டாவது சந்து...”

“வழி சொல்லணுமா? உங்க வீடு எனக்குத் தெரியாதா சிஸ்டர்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

டிரைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“புயலுக்கு முந்தி உங்க வீட்டு செப்டிக் டேங்க்கை உறிஞ்சி எடுத்துட்டுப் போனதே இந்த வண்டிதானே.”