ஹபீஸின் மொழிபெயர்ப்பு

தமிழைச் சிங்களமாக்கிச் சொல்வதுதான் பதுளை நீதிமன்றத்தில் ஹபீஸின் வேலை.

மகளின் தனியார் பள்ளிக் கட்டணத்தை, விவாகரத்தான கணவர் இந்திரஜித்தான் கட்ட வேண்டும் என்று சிவானுஜா வழக்குப் போட்டிருந்தார். இந்திரஜித் கூண்டில் ஏறினார்.

"அங்க படிப்பே இல்லைங்க. டீச்சர்மாருக்கே இங்கிலீஷ் வராது. டையும் ஷூவும் மட்டும் பளபளன்னு இருக்கும். எம் மகளுக்கு கவர்மெண்ட் ஸ்கூலே போதும்."

ஹபீஸ் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் அதைச் சிங்களமாக்கினார்.

"இவ்வளவு உறுதியாக எப்படித் தெரியும்?" என்று நீதிபதி கேட்டார். ஹபீஸ் அதைத் தமிழில் கேட்டார்.

"அந்த ஸ்கூல் முதலாளியே நாந்தாங்க."

ஹபீஸ் மொழிபெயர்க்க மறந்தார். "எண்ட ரெண்டு புள்ளைகளும் அங்கதான். கட்டின காச எப்ப திருப்பித் தருவீங்க?"

"என்ன பேசிக்கொள்கிறீர்கள்?" என்றார் நீதிபதி.

ஹபீஸ் ஒன்றுவிடாமல் சிங்களத்தில் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"என் மகனுக்கும் சேர்த்துக் கேளுங்கள்."