பதிமூன்று தார்கள்

நகரியில் பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போகிறது. தெரு முழுக்க ஓடிய பவர்லூம்கள் ஒரே நொடியில் நிற்கின்றன. சத்தம் அடங்கிய பிறகும் சுவர் அதிர்வது போலிருக்கிறது. கூரையின் கண்ணாடி ஓடு வழியே விழும் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. தறிக்குப் பக்கத்தில் தாமோதரன் சுவரில் சாய்ந்து தூங்குகிறான். வாசற்படியில் நிற்கும் அவன் மனைவி கௌசல்யாவின் கையில் அவனுடைய செல்போன். அதில் ரம்மி ஆடுவதை அவன் விட்டு இன்றோடு எழுபது நாள். அன்று அவனே கொடுத்த போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். திருப்பித் தருவதாகச் சொன்ன நாள் இது. அவன் வலது கை மட்டும் தூங்கவில்லை. பெட்டியிலிருந்து நூல் சுற்றிய தார்களை எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருக்கிறது. சிவப்பு மூன்று, பச்சை மூன்று, மஞ்சள் மூன்று, நீலம் நான்கு. ரம்மியில் பதிமூன்று சீட்டையும் அவன் இப்படித்தான் சேர்ப்பான். முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். ஓசையில்லாமல் குனிந்து ஒரு நீலத்தை எடுக்கிறாள். கை நிற்கிறது. தரையைத் தடவுகிறது. பெட்டிக்குள் போய், வேறெந்த நிறத்தையும் தொடாமல், இன்னொரு நீலத்தை எடுத்து வந்து அதே இடத்தில் வைக்கிறது.

“இன்னாய்யா பண்ணிக்கினு கீற?”

அவன் கண்ணைத் திறக்கிறான். தரையில் அடுக்கியிருக்கும் தார்களைப் பார்க்கிறான்.

“போனை அரிசியிலயே போட்டுடு கௌசல்யா. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்.”

சொல்லிவிட்டு, இடது கையால் தன் வலது கையைப் பிடித்துக்கொள்கிறான், யாரோ ஒருவருடைய கையைப் பிடிப்பது போல. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையையும் மேலே வைத்து அழுத்துகிறாள். அடியில் விரல்கள் இன்னும் அசைகின்றன.