திராட்சைத் தோட்டத்துக் கூலி

பிள்ளைப்பாக்கம் சபைக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டர் தேவசித்தம், நாளைய ஞாயிறு பிரசங்கத்தின் தலைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் சபை அங்கத்தினர் ஜெபகுமார் காரில் வந்து இறங்கிவிட்டார்.

"இன்னா பாஸ்டர், திராட்சைத் தோட்டக் கதையா? வேணாம், மாத்திடுங்க."

"ஏன்?"

"காலையிலேர்ந்து உழைச்சவனுக்கும் சாயந்திரம் வந்தவனுக்கும் ஒரே கூலின்னு சொல்வீங்க. எங்க கம்பெனி காண்ட்ராக்ட் பசங்க முப்பது பேர் நம்ம சபைல கீறாங்க. திங்கக்கிழமை லைன்ல நின்னுக்கினு வசனம் பேசுவானுங்க."

"இயேசு சொன்னதை நான் எப்படி மறைக்க?"

"அதெல்லாம் பரலோகத்துக்கு பாஸ்டர். ஒரகடம் ஃபேக்டரில அப்படிக் குடுத்தா எவன் உழைப்பான்?"

பணக்காரருக்குப் பயந்து வேதத்தை மூடிவைக்கிற ஆள் இல்லை தேவசித்தம்.

"முதலாளிமாருக்கு இந்தக் கதை கசக்கத்தான் செய்யும். மனசு வச்சு அந்தப் பிள்ளைகளுக்கும் சம சம்பளம் குடுங்களேன்."

ஜெபகுமார் திருதிருவென்று விழித்தார்.

"நான் முதலாளியா? எங்க முதலாளிதான் அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாருக்கும் ஒரே சம்பளம்னு போர்டுல ஒட்டிட்டாரே! நான் யூனியன் செயலாளர் பாஸ்டர். பர்மனென்ட் ஆகறதுக்குள்ள பன்னெண்டு வருஷம் லோல்பட்டவன். சும்மா விட்ருவோமா? ஸ்ட்ரைக் நோட்டீஸ் குடுத்துட்டோம்."

அவர் போனதும் தேவசித்தம் வேதாகமத்தைத் திறந்து அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தார்.

அங்கேயும் தோட்டத்து முதலாளி மனதாரத்தான் கொடுத்திருந்தார். முறுமுறுத்தவர்கள், காலையிலேயே வேலைக்கு வந்த கூலியாட்கள்.