அடிப்பக்கத்துச் சூடு

அந்தக் கடையில் மடிக்கணினியை எவரும் மடியில் வைப்பதில்லை.

அப்படியொரு விதி எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. முதலாளி வாய்விட்டுச் சொன்னதுமில்லை. ஆயினும் வேலைக்குச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் அது எல்லோருக்கும் பிடிபட்டுவிடும். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கனத்த கணினிகள் ஆறும் சாய்வான கண்ணாடித் தாங்கிகளின் மேல் வீற்றிருந்தன. ஒவ்வொரு தாங்கிக்கடியிலும் ஒரு சிறு விசிறி, இருப்பதே தெரியாமல் சுழன்றுகொண்டிருந்தது.

வாடிக்கையாளரின் கை அடிப்பக்கம் நோக்கி நீண்டால், விற்பனையாளர் அக்கணமே திரையின் வண்ணங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட வேண்டும்.

இவ்வித்தையில் கைதேர்ந்தவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் வக்கீல். எந்தக் கணினியின் வழக்கையும் தோற்காமல் நடத்திக்கொடுப்பவன் அவன்.

அன்று முற்பகலில் வந்த பெண்மணிக்கு நாற்பதுக்கு ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கலாம். தம்பி நாளை வீட்டுக்கு வருகிறான், அதற்குள் வாங்கி வைத்துவிட வேண்டும் என்றாள். அவனுடைய நண்பர்கள் எல்லோரும் ஒரே கார்ப்பந்தய விளையாட்டில் கூடுகிறார்களாம். ஐந்து மாதமாக அவன் மட்டும் அதில் இல்லையாம்.

இதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான்.

பிறகு அவள் மணிக்கட்டின் உட்புறத்தைக் கணினியின் அடியில் நுழைத்து, கண்களை மூடிக்கொண்டாள்.

வக்கீல் வியந்து பார்த்தான். விரலால் தொட்டுப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறான். மணிக்கட்டால் தொடுபவரைக் கண்டதில்லை. சமையல் வேலையோ? ஒருவேளை எதிர்க்கடைக்காரன் வேவு பார்க்க அனுப்பிய ஆளோ?

திரையில் ஓடவிட்டிருந்த கார்ப்பந்தயத்தின் ஓரத்தில் தொண்ணூற்றொன்று டிகிரி என்ற எண் துடித்துக்கொண்டிருந்தது. அது உள்ளே இருக்கும் சிப்பின் சூடு, அதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினான். அவள் அதைக் கேட்டுக்கொண்டாளே தவிர, உள்ளே இருப்பதில் அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

"கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்? பெட்டியில போட்டிருக்கிற எட்டு மணி நேரம் வேண்டாம். விளையாடும்போது சொல்லுங்க."

இப்படி நேராகக் கேட்பவரிடம் பொய் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "ஒரு மணி நேரம் நின்னா பெரிசு மேடம். சார்ஜரைச் சொருகியே வெச்சுக்கச் சொல்லுங்க."

"அது கழண்டுக்கிட்டா எழுந்து போய்ச் சொருக மாட்டானே."

வக்கீல் சிரித்துவிட்டான். "என் மச்சானும் அதே ஜாதகம்தான் மேடம். விளையாட உக்காந்தா வீடே பத்திக்கிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்!"

அவள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து "ஒரு மணி" என்று எழுதிக்கொண்டாள். பிறகு, செங்கல்லைப் போலக் கனத்த அந்தச் சார்ஜரைக் கையில் ஏந்தி, அதன் வயரைச் சாண் சாணாக அளந்தாள். கட்டிலிலிருந்து பிளக்குக்கு எட்டுச் சாண் வேண்டுமாம். வயர் ஒன்பது சாண் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"மடியில வெச்சா எத்தனை நிமிஷத்துல சுடும்?"

வக்கீல் தன்னையறியாமல் திரையின் பக்கம் திரும்பினான். கறுப்பு எவ்வளவு ஆழமான கறுப்பு, சிவப்பு எவ்வளவு உயிருள்ள சிவப்பு என்று விவரித்தான். அவள் பொறுமையாகக் கேட்டுமுடித்து, அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்டாள்.

"அதுக்குப்போய் யாராவது நிமிஷம் எண்ணுவாங்களா மேடம்? சுட்டா அவரே பதறி இறக்கி வெச்சிடுவார். தொடை சொல்லிடுமே!"

"அவன் தொடை சொல்லாது," என்றாள் அவள், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். "விபத்துக்கப்புறம் இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியறதில்ல. ஆஸ்பத்திரியில வெந்நீர்ப் பை பட்டுக் கொப்பளிச்சதுகூட, மறுநாள் நர்ஸ் பாத்துதான் சொன்னாங்க."

மேசை ஒன்று போட்டுக்கொடுக்கலாமே என்று வக்கீல் முனகினான்.

"போட்டுத்தான் வெச்சிருக்கேன். நான் வேலைக்குக் கிளம்பின மறு நிமிஷம் மடிக்கு இழுத்துக்குவான். அவனை எனக்குத் தெரியாதா? எத்தனை நிமிஷம்னு தெரிஞ்சா, அதுக்கு முன்னாடியே அடிக்கிற மாதிரி அலாரம் வெச்சிடலாம்."

வக்கீல் அந்த ஆறு கணினிகளையும் காலை முதல் மாலை வரை துடைக்கிறான், திறக்கிறான், மூடுகிறான். வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் அவனுக்கே அந்தக் கணக்கு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பக்கத்துத் தாங்கியருகே ஒரு குடும்பம் விலை பேசிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த முதலாளி இங்கே என்ன இழுபறி என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த நாற்காலியை இழுத்து வக்கீல் உட்கார்ந்தான். பந்தயம் சீறிப் பாய்ந்துகொண்டிருக்கையிலேயே கணினியைத் தாங்கியிலிருந்து இரு கைகளாலும் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"யோவ் வக்கீலு!" என்றார் முதலாளி.

"மணி பாத்துக்குங்க அக்கா," என்றான் அவன், கடை முழுவதும் கேட்கும்படி. "லேசா உறைக்க ஆரம்பிச்சதுமே சொல்லிடறேன்."