கண்ணை மூடிப் பிடித்த பலகை

பேரனுக்கு வண்டி, மகளுக்கு அஞ்சறைப்பெட்டி, மருமகனுக்கு நாற்காலி எல்லாம் முடிந்துவிட்டன. மனைவி திரேசாவுக்கான பரிசு மட்டும் பாக்கி இருந்தபோது, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் உடைந்தது. விடிந்தால் கிறிஸ்துமஸ். வீட்டில் வேறு ஆளில்லை. இஞ்ஞாசி அவளையே கூப்பிட்டார்.

“கண்ண மூடிக்கிட்டு இதப் பிடிட்டி. தொறந்திராத.”

“முறுக்குக்குப் பெசஞ்ச மாவு காயுதுங்க.”

முனகிக்கொண்டே பலகையின் ஒரு முனையை மடியில் வைத்துப் பிடித்தாள். உளியின் அதிர்வு விரல்களில் ஏறியது. வழுவழுவென்று தேய்த்த ஒரு குழி உள்ளங்கைக்கு அகப்பட்டது. பக்கத்திலேயே இன்னொன்று. ஜெபத்தில் முட்டி வலிக்கிறது என்று என்றோ சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார். இது முட்டிபோடும் பலகை. திரேசா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிடியை மாற்றுவதுபோலக் கையை நகர்த்தினாள். பலகை இன்னும் நீண்டுகொண்டே போனது. மூன்றாவதாக ஒரு குழி இருந்தது. உளி நான்காவதைத் தோண்டிக்கொண்டிருந்தது.

மூத்த மகனை அடக்கம் செய்த நாளிலிருந்து இஞ்ஞாசி எங்கும் முட்டி போட்டதில்லை.

“என்னன்னு தெரிஞ்சிட்டா?” என்று கேட்டார்.

“தெரியலீங்க,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “மாவு காஞ்சா காயட்டும். நீங்க பதறாம செதுக்குங்க.”