பாதித் தாள் பனி

கலையுலகம் எழுந்து நின்று கேட்கட்டும்: இன்று காலை பத்தேகால் மணிக்கு, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஏழாம் எண் கட்டிலில், இரண்டே நிமிடத்தில் ஒரு மகத்தான நிலக்காட்சி பிறந்தது.

வரைந்தவர் என் மாமனார். மைப்பேனாவை உதறினார், ஜன்னலைப் பார்த்தார், இழுத்தார். அவ்வளவுதான்.

பக்கவாதம் வந்து பதினோரு நாள். படம் போட்டுக் காட்டட்டும், ஒழுங்காக வந்தால் நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வலப்பக்கம் ஒரு குன்று. அதன் இடுப்பில் நாலு மரம். அடியில் ஒரு கோடு நதியாக நெளிந்து, தாளின் நடுவே கரைந்து போயிருந்தது.

அதற்கப்பால் வெறும் வெள்ளை.

பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று வந்தது. அந்த வெள்ளைக்குள் யாரோ சத்தமில்லாமல் படகு தள்ளிக்கொண்டு போனார்கள். மருந்து நெடி போய் ஈர மண் வாசனை அடித்தது.

நலம் விசாரிக்க வந்த விமர்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். கேட்பவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பதால் அவருக்கு 'முன்னுரை' என்றே பெயர்.

"அறுபது வருஷமா தாளை ரொப்பிக்கிட்டே இருந்த மனுஷன், இன்னிக்குத்தான் இடம் விடக் கத்துக்கிட்டார். இது மௌனம்மா, மௌனம்!"

என் மனைவி அழுதாள். அழுதுகொண்டே நாளைக்குக் கார் சொன்னாள்.

"இங்க பனியா மாமா?" என்று வெள்ளையைத் தொட்டுக் கேட்டேன். கட்டிலின் இடப்பக்கம் நின்றிருந்த என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய கலைஞர்கள் விளக்கம் சொல்வதில்லை என்று எனக்கு விளக்கினார் முன்னுரை.

நர்ஸ் வந்தார். படத்தைப் பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பி மாமனார் முன் வைத்தார். குன்று இடப்பக்கம் போயிற்று, வெள்ளை வலப்பக்கம் வந்தது.

"இதுல என்ன தெரியுது ஐயா?"

மாமனார் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வெத்துத் தாளைக் குடுத்துட்டு என்ன தெரியுதுன்னா எப்படிம்மா?"

இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளையிலிருந்து போய்விட்டதாம்.

நாளைக்கு அனுப்ப மாட்டார்கள்.