மலையில் மட்டும் இழுக்காத வண்டி

ஐஸ் பெட்டிக்குள் மீன் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் கழுத்துவரை ஐஸில் புதைந்து கிடந்தது. பாட்டிலுக்குள் டீசல்.

சந்தனச்செல்வி அதையே பார்த்துக்கொண்டு குத்தவைத்திருந்தாள்.

அது உறைந்தால் அவள் புருஷன் யோக்கியன். உறையாவிட்டால் அவன் கொடைக்கானலில் ஒருத்தியோடு இருக்கிறான். அவளைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான்.

புருஷன் மாசானம் செவ்வாய்க்கிழமைதோறும் தூத்துக்குடியிலிருந்து பிக்கப்பில் மீன் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவான். போன அன்றைக்கே திரும்பிவிடுகிற ஆள்தான். மார்கழி பிறந்து இதோடு நாலு நடை. நாலு நடையும் வண்டி மலையில் மக்கர் பண்ணுகிறது. "இழுக்கவே மாட்டேங்கு ஏளா, குளிரு ஒத்துக்கலை போல" என்று போன் வரும். மறுநாள்தான் ஆள் வருவான்.

கீழே அதே வண்டி காளை மாதிரி ஓடுகிறது. மெக்கானிக் ஜெர்சன் ஏர் பில்டரை மாற்றினார். டர்போ குழாயைக் கழற்றி மாட்டினார். உப்பு மூட்டைகளை ஏற்றி மேம்பாலத்தில் விரட்டியும் பார்த்துவிட்டார். ஒரு குறையும் இல்லை.

வண்டிக்குக் குறை இல்லை என்றால் குறை யாருக்கு?

இரண்டாவது நடை முடிந்து வந்தவன் உடம்பில் ஒரு நீல ஸ்வெட்டர் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் வாங்கினானாம். கடையில் வாங்கினதற்குக் கழுத்தில் கம்பெனிச் சீட்டு இருக்காதா? துவைக்கும்போது புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கையால் பின்னினது. தோளில் அப்படியே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவன் தோள் அளவு எவளுக்கோ தெரிந்திருக்கிறது. அங்கே மீன் எடுக்கிற கடைக்காரி பேர் ரம்யா. அந்தப் பேரைச் சொல்லும்போது மட்டும் மாசானத்துக்குக் குரல் இறங்கும். இவளைக் கூப்பிட அவன் என்றைக்காவது குரலை இறக்கியிருக்கிறானா?

இன்று காலையும் அதே போன்தான். விடுவிடுவென்று போய் ஜெர்சன் ஒர்க்‌ஷாப்பில் நின்றாள். நாலு பேர் இருந்தால் இருக்கட்டும் என்று கேட்டேவிட்டாள்.

"அண்ணாச்சி, வண்டி பொய் சொல்லுதா, அவரு பொய் சொல்லுதாரா?"

ஜெர்சன் தலையைச் சொறிந்தார். வண்டிக்கு என்ன ஊற்றுகிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார்.

அதில்தான் அவள் மாட்டினாள். பாமாயிலில் செய்த பயோ டீசல் என்று ஒருத்தன் கொண்டுவந்து விற்றான். மலிவாகக் கிடைக்கிறதே என்று மார்கழிப் பிறப்பன்று ஒரு டிரம் வாங்கிப் போட்டது அவள்தான். நாலு சாண் உயர டிரம். நடைக்கு ஒரு சாண் என்று வைத்தால் நாலு நடைக்குச் சரியாக இருக்கும்.

ஜெர்சன் அவள் கூடவே வீட்டுக்கு வந்தார். கொல்லையில் நின்ற டிரம்முக்குள் குழாயை விட்டு ஒரு பாட்டில் எடுத்தார். தூத்துக்குடியில் மலைக் குளிருக்கு எங்கே போவது? மீன் ஐஸ்தான் இருக்கிறது.

அரை மணி நேரம். குலசை முத்தாரம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

ஜெர்சன் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தது.

"இந்தா பாரு தங்கச்சி. குளிருல இது உறைஞ்சு டீசல் பில்டரை அடைச்சிருது. வண்டி எப்படி இழுக்கும்? மாசானம் மேல தப்பே இல்ல."

அட, என் ராசா! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாவி, நானே வாங்கிப் போட்டு, நானே சந்தேகமும் பட்டு, அந்த மனுஷனைக் குளிரில் கிடக்க வைத்தேனே!

உடனே அவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லும்படி ஜெர்சனை விரட்டினாள். வரட்டும், விளமீன் குழம்பு வைத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் அந்தச் சனியன் பிடித்த டிரம்மைக் கவிழ்த்துவிட வேண்டும். நாலு நடை போயாச்சு, அடியில் கொஞ்சம் மிச்சம்தானே கிடக்கும் என்று ஒற்றைக் கையால் சாய்த்தாள்.

டிரம் அசையவில்லை.

இரண்டு கையாலும் தள்ளினாள். அப்போதும் அசையவில்லை.

பக்கத்தில் கிடந்த கம்பை உள்ளே விட்டு எடுத்தாள். கம்பில் மூன்று சாணுக்கு ஈரம்.

ஒரே ஒரு சாண்தான் குறைந்திருந்தது. ஒரே ஒரு நடை.

அப்படியானால் முதல் செவ்வாய் வண்டி நிஜமாகவே நின்றிருக்கிறது. பில்டரைக் கழற்றிக் காரணத்தையும் கண்டுபிடித்திருக்கிறான். அப்புறம் மூன்று நடையும் பங்க்கில் நல்ல டீசல் போட்டுக்கொண்டு நோகாமல் மலையேறியிருக்கிறான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் மறைக்கக்கூட இல்லை. கொல்லையிலேயே நிறுத்திவைத்துவிட்டுப் போயிருக்கிறான். இவள் எங்கே திறந்து பார்க்கப் போகிறாள் என்கிற தைரியம்.

ஜெர்சன் சந்தோஷமாக வந்து போனை நீட்டினார். மறுமுனையில் மாசானம் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா ஏளா, நான் சொன்னா நீ நம்ப மாட்ட."

சந்தனச்செல்வி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டிரம் மூடியை இறுக்கித் திருகினாள். ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை.

"இப்ப நம்புதேன்" என்றாள். "எனக்கும் ஒரு ஸ்வெட்டர் பின்னச் சொல்லுங்க. டிரம்ல இன்னும் மூணு சாண் கிடக்கு. அடுத்த செவ்வாய் அதை ஊத்தி டேங்கை நானே நிரப்பிட்டு, கூட வாரேன்."